வேப்பெண்ணெய் கூடிப்போனதா? செடியைக் காப்பாற்றலாம்

வேப்பனப்பள்ளிப் பக்கம் தக்காளி, கத்தரி வைத்திருப்பவர்கள் வெள்ளை ஈயைக் கண்டதும் வேப்பெண்ணெயை எடுப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வேம்பு பூச்சியை உடனே சாகடிக்காது. தின்னவிடாமல், வளரவிடாமல் மெல்ல முடக்கும். அதற்குள் பொறுமை இழந்து மறுநாளே இன்னொரு முறை அடிப்பதால்தான் பல செடிகள் கருகுகின்றன.

இலை எண்ணெய் பூசியதுபோல் மினுங்கி, ஓரம் காய்ந்து சுருண்டால், அன்று மாலையே வெயில் தாழ்ந்ததும் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், மூச்சுத் துளைகள் பெரும்பாலும் அங்கேதான். மறுநாள் காலையும் ஒருமுறை. தொட்டியை நாலைந்து நாள் நிழலுக்கு மாற்றுங்கள். கொல்லைச் செடிக்குப் பழைய சேலையைப் பந்தல்போல் கட்டினால் போதும்.

பாதி கருகிய இலையைக் கிள்ள வேண்டாம். மிச்சமிருக்கும் பச்சைதான் செடிக்குச் சோறு ஆக்குகிறது. புதுத் தளிர் வரும்வரை யூரியாவும் வேண்டாம், பஞ்சகவ்யமும் வேண்டாம். மண் காய்ந்தால் தண்ணீர் மட்டும். கருகிய இடம் மறுபடி பச்சையாகாது. தளிர் சுருளாமல் வந்தால் செடி பிழைத்துவிட்டது.

அடுத்த முறை 1 லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 மில்லி எண்ணெய் போதும். காதி சோப்புக் கரைசலோடு எண்ணெயை முதலில் நன்றாகக் கலக்கி, பிறகு தண்ணீர் சேருங்கள். துணி துவைக்கும் பவுடர் கூடவே கூடாது, அது இலையின் மெழுகுப் பூச்சை அரித்துவிடும். இரண்டு இலையில் அடித்து, 2 நாள் பார்த்த பிறகு மாலையில் தெளியுங்கள்.