பால்குட்டி பிழைக்க

வீட்டுக்குப் பின்னால் நாலைந்து மேச்சேரி ஆடோ ராமநாதபுரம் வெள்ளையோ வைத்திருப்பவருக்கு ஒரு குட்டி சாவது சின்ன இழப்பு இல்லை. அதில் பெரும்பாலான சாவுகள் முதல் சில நாட்களில்தான் நடக்கின்றன. அவற்றில் பலவற்றைத் தடுக்கலாம்.

செய்ய வேண்டியவை

* குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையைத் துடைத்து, தாய் நக்குவதற்கு விடுங்கள். தொப்புள் கொடியை டிங்சர் அயோடினில் நனையுங்கள்.

* ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். செம்மறிக்குட்டிக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்பு சக்தி வந்து சேர்வதில்லை. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கிறது. அதை அப்படியே உறிஞ்சும் திறன் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான் இருக்கும். இரண்டரை கிலோ குட்டி முதல் 24 மணி நேரத்தில் சுமார் 250 மில்லி குடிக்க வேண்டும், பல தடவையாக. காம்பு நுனி அடைத்திருக்கும், முதலில் இரண்டு பீச்சு பீச்சிவிடுங்கள். நஞ்சுக்கொடி விழுந்த பிறகே பால் ஊட்ட வேண்டும் என்று பல ஊர்களில் காத்திருக்கிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். குட்டி முட்டிக் குடித்தால் நஞ்சு விழவும் அது துணைதான்.

* சோர்ந்து கிடக்கும் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் பாலைவிடச் சூடுதான் அவசரம். துவட்டி, சாக்கில் சுற்றி, தலையைத் தானே தூக்கும் நிலைக்கு வந்தபின் பால் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடாப்புக்கு அடியில் வைக்கோல் காய்ந்தே இருக்கட்டும்.

* இரண்டு வாரத்திலிருந்து கொஞ்சம் வேலிமசால், அகத்தி, அரைத்த தீவனம் எதிரில் வையுங்கள், கொறித்துப் பழகும். மூன்று மாதத்தில் பால் மறக்கடிக்கலாம்.

* மூன்று மாதம் முடிந்ததும் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி. மழைக்கு முன் துள்ளுமாரிக்கு. துள்ளுமாரி நன்றாகக் கொழுத்த குட்டியைத்தான் முதலில் தூக்கும்.

செய்யக்கூடாதவை

* மிஞ்சிய சோறு, அரிசி, புளித்த மாவு ஆகியவற்றை அள்ளி வைக்காதீர்கள். பிரியத்தில்தான் வைக்கிறோம். ஆனால் அசையூண் வயிற்றில் அவை வேகமாகப் புளித்து அமிலமாகின்றன. குட்டி உப்பி, கழிந்து, மறுநாளே செத்துப்போகலாம். விசேஷ வீட்டு எச்சில் இலை கிடக்கும் பக்கம் அவிழ்த்துவிடவே வேண்டாம்.

* மல்லாத்திப் பிடித்துப் புட்டிப்பால் புகட்டக் கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். நிற்க வைத்தே கொடுங்கள்.

* மாட்டுக்கு வாங்கிய தாது உப்பைச் செம்மறிக்குப் போடாதீர்கள். அதிலுள்ள தாமிரத்தை மாடு தாங்கும், செம்மறி தாங்காது. ஈரலில் மெல்லச் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று கண் மஞ்சளாகி, மூத்திரம் சிவந்து, ஆடு விழுந்துவிடும்.

* பூக்காத இளஞ்சோளத்திலும் மறுதாம்புச் சோளத்திலும் மேயவிடாதீர்கள். நஞ்சு.

* பனி காயும் முன் மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். ஈரப் புல் நுனியில் குடற்புழுவின் இளம்புழுக்கள் ஏறியிருக்கும்.

* சந்தையில் பிடித்து வந்த ஆட்டை அன்றைக்கே பட்டியில் சேர்க்காதீர்கள். மூன்று வாரமாவது தனியாகக் கட்டிப் போடுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனியாக.