பல குரல், ஒரு பாட்டு
(பத்தாம் வகுப்பு மாணவி)

"பாடு" என்ற சொல்லுக்கு எங்கள் பழவேற்காட்டில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லாரும் அறிந்தது. மற்றொன்று ஏரித் தொழிலைச் சேர்ந்தது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று மீனவர்கள் முறை பிரித்துக்கொள்வதையும் பாடு என்றே சொல்கிறோம். தம் முறை வரும்வரை ஒருவர் பொறுத்திருப்பார். பிறர் இடத்தில் வலை இறக்கமாட்டார். சேர்ந்திசையும் அப்படித்தான் என்பதை இவ்வாண்டு நாங்கள் கற்றுக்கொண்டோம். அதைப் பற்றிச் சிறிது காண்போம்.

சேர்ந்திசை என்பது யாது?

பலர் கூடி ஒரே மெட்டைப் பாடுவது நமக்குப் பழக்கமானதே. மேனாட்டுச் சேர்ந்திசையில் குரல்கள் பிரிகின்றன. பெண் குரல்களில் உயர்ந்தது சொப்ரானோ, தாழ்ந்தது ஆல்ட்டோ. ஆண் குரல்களில் உயர்ந்தது டெனர், தாழ்ந்தது பேஸ். நான்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் ஒலித்து இயைந்து வருவதே ஹார்மனி. எங்கள் பள்ளியில் ஆண் குரல் இல்லாததால் மூன்று பிரிவாகப் பாடுகிறோம். ஆல்ட்டோ பாடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மெட்டு கிடைப்பதில்லை. மெட்டுப் பாடும் தோழிகளின் பக்கம் இழுபட்டுப் போகாமல் தம் சுரத்திலேயே நிற்பது அவர்களுக்குக் கடினம். ஆனால் அவர்கள் நிறுத்திவிட்டால் பாட்டு வெறுமையாகிவிடும்.

நம் நாட்டில் சேர்ந்திசை

சென்னையில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஹேண்டல் 1741-இல் இயற்றிய 'மெசையா' போன்ற பெரிய படைப்புகளை அதன் பாடகர் குழு பாடி வந்துள்ளது. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் (1925–1988) வேறொரு வழியைக் காட்டினார். 1970-களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். பாரதியார் பாடல்களையும் இந்திய மொழிகள் பலவற்றின் பாடல்களையும் அக்குழு ஹார்மனியோடு பாடியது. வெளியிலிருந்து வந்த முறையில் நம் சொந்தப் பாட்டையும் பாடலாம் என்பதை அவர் மெய்ப்பித்தார்.

அதற்கும் முன்பே முத்துசுவாமி தீட்சிதர், மேனாட்டுப் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். அவற்றை நோட்டுசுவர சாகித்தியங்கள் என்பர். அவருடைய குடும்பத்தை ஆதரித்த மணலி முதலியார் குடும்பத்தின் ஊர், நாங்கள் சென்னைக்குச் செல்லும் திசையிலேயே உள்ளது!

பாடல்கள் ஊர்விட்டு ஊர் செல்லும். 1818-இல் ஆஸ்திரியாவின் ஒரு சிற்றூர்க் கோவிலில் முதன்முதலில் பாடப்பட்ட 'சைலன்ட் நைட்' இன்று நம் கிறிஸ்துமஸ் இரவிலும் ஒலிக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் முழங்கிய 'உய் ஷால் ஓவர்கம்' இந்தியில் 'ஹம் ஹோங்கே காம்யாப்' ஆயிற்று.

எங்கள் பாட்டு எங்கே?

ஆண்டு விழாவுக்காக இப்பாடல்களை எல்லாம் நாங்கள் பட்டியலிட்டோம். எங்கள் இசை ஆசிரியையான சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, "பிள்ளைகளே, உலகமெல்லாம் சுற்றி வந்துவிட்டீர்கள். ஏரிக்கரைப் பாட்டு ஒன்றுகூட இல்லையே?" என்று கேட்டார்கள். நாங்கள் தலை குனிந்தோம். "அது வெறும் வலை இழுக்கிற பாட்டுதானே சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. உண்மையில் எங்கள் எல்லாருக்குமே அதை மேடையில் பாட வெட்கம்.

கப்பலின் பாய்மரக் கயிற்றை இழுக்கும்போது ஆங்கில மாலுமிகள் பாடிய பாட்டுக்கு ஷாண்டி என்று பெயர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் பாடி ஒன்றாக இழுப்பார்கள். நம் கடற்கரையின் அம்பாப் பாட்டும் அதே அமைப்புடையது என்று சிஸ்டர் விளக்கினார்கள். பத்துப் பேரின் வலு ஒரே நொடியில் சேர்வதற்குத் தாளம் வேண்டும். நீராவிக் கப்பல் வந்ததும் ஷாண்டி ஓய்ந்தது. எங்கள் படகுகளில் மோட்டார் வந்ததும் தண்டு வலிக்கும் பாட்டு குறைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தாவிடம் நோட்டுப் புத்தகத்தோடு சென்றோம். திண்ணையில் உட்கார்ந்து அவர் நெடுநேரம் யோசித்தார். "மறந்துபோச்சு கண்ணுங்களா" என்றார். பிறகு எழுந்து போய் ஒரு பழைய கயிற்றைக் கொண்டுவந்தார். ஒரு முனையை எங்களிடம் கொடுத்து, மறுமுனையைத் தாம் பிடித்து, "இழுங்க" என்றார். இழுத்தோம். இரண்டாவது இழுப்பில் அவருக்குப் பாட்டு வந்துவிட்டது! நாங்கள் "ஏலேலோ" சொல்ல, அவர் அடிமேல் அடியாகப் பாடினார். ஆறு அடிகள் கிடைத்தன. மீதி அவருக்கே நினைவில்லை. கூடப் பாடியவர்கள் இப்போது இல்லை என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

முடிவுரை

அந்த ஆறு அடிகளை மூன்று குரலில் பயின்று வருகிறோம். விழாவன்று ஆஸ்திரியப் பாட்டுக்கும் இந்திப் பாட்டுக்கும் நடுவே அது ஒலிக்கும். முன்வரிசையில் தாத்தாவுக்கு நாற்காலி போடச் சிஸ்டர் இசைந்துள்ளார்கள். உலகப் பாடல்களைக் கற்பது நன்று. ஆனால் பிற நாட்டார் நம்மைப் பார்த்து, "இனி உங்கள் பாடு" என்று சொல்லும்போது நம் கை வெறுங்கையாக இருக்கலாமா? ஆகவே தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்!