இராக் காவல்: இரு பெண்கள் சுற்றிவந்த உலகம்



கடந்த பெற்றோர் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவியின் வாப்பா என்னிடம் வந்தார். உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் மகள், ருஹுணு பல்கலைக்கழகத்தில் மீன்பிடியும் கடல் விஞ்ஞானமும் கற்க விரும்புகிறாள். "டீச்சர், கடல் படிப்பு பொம்புளப் புள்ளைக்குச் சரிவருமா?" என்று கேட்டார். அவரும் என்னைப் போலவே விடத்தல்தீவில் பிறந்தவர், கடல் தெரிந்தவர். தெரிந்தவருடைய அச்சத்தை எளிதில் தட்டிவிட முடியாது. அதனால் அவருக்கு ஓர் உண்மைப் பயணத்தின் கதையைச் சொன்னேன். அதையே இங்கு உங்களுக்கும் பாடமாக எழுதுகிறேன்.

2024 ஒக்டோபர் 2ஆம் திகதி, இந்தியாவின் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகு புறப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 17 மீற்றர். அதில் இருந்தவர்கள் இந்தியக் கடற்படை அதிகாரிகள் இருவர் மட்டுமே: கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. அவுஸ்திரேலியாவின் பிரிமாண்டில், நியூசிலாந்தின் லிட்டெல்டன், போக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாபிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நான்கு துறைமுகங்களில் தங்கி, 2025 மே 29ஆம் திகதி கோவாவுக்குத் திரும்பினார்கள். எட்டு மாதங்களில் 25,000 கடல் மைலுக்கு மேல் கடந்திருந்தார்கள்.

உலகைச் சுற்றினோம் என்று சும்மா சொல்லிவிட முடியாது. அதற்குக் கணக்கு உண்டு. புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்ப வேண்டும். எல்லா நெடுங்கோடுகளையும் கடக்க வேண்டும். பூமத்தியரேகையை இரு தடவை தாண்ட வேண்டும். கால்வாய் வழியாகக் குறுக்கே போகக் கூடாது. பாயின் வலுவிலேயே ஓட வேண்டும். குறைந்தது 21,600 கடல் மைல் செல்ல வேண்டும்.

ஏன் 21,600? கொப்பியை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள். பூமியின் சுற்றுவட்டம் 360 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. 360ஐ 60ஆல் பெருக்கினால் 21,600. அந்த வட்டத்தில் ஒரு கலையளவு தூரமே ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர். நீங்கள் கேத்திர கணிதத்தில் படித்த பாகைதான் மாலுமியின் அளவுகோல்.

இவர்களுக்கு முன்னரும் இதே தாரிணியில் பெண்கள் போயிருக்கிறார்கள். 2017 செப்டெம்பர் முதல் 2018 மே வரை, வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் 254 நாட்களில் உலகைச் சுற்றிவந்தார்கள். வழியில் சுக்கான் பழுதாகி, மொரிசியஸின் போர்ட் லூயிஸில் ஒதுங்கித் திருத்திக்கொண்டே ஊர் திரும்பினார்கள். ஆறு பேர் இருந்தால் வேலையைப் பங்கிடலாம். இருவர் என்றால் பாயைச் சுருக்குவது, கயிறு தைப்பது, சமைப்பது, வானிலை பார்ப்பது, காயத்துக்கு மருந்திடுவது அத்தனையும் இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் அந்த வாப்பா என்னை இடைமறித்தார். "ரெண்டு பேர் எண்டா, ராவைக்கு ஆர் முழிச்சிருப்பாங்க?"

கடலை அறிந்தவரின் கேள்வி அது. என் வாப்பாவும் சாச்சாவும் விடத்தல்தீவில் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். வலையைப் போட்டபின் ஒருவர் கண்ணயர்வார். மற்றவர் விழித்திருந்து காற்றையும் நீரோட்டத்தையும் பார்ப்பார். "சாச்சா முழிச்சிருந்தா எனக்கு நல்லா நித்திரை வரும்" என்று வாப்பா சொல்வார். சிறுமியாக இருந்தபோது அதை வேடிக்கையாகவே கேட்டேன். இப்போதுதான் விளங்குகிறது. உறங்குபவரின் உயிர் விழித்திருப்பவரிடம் அமானிதம்.

தாரிணியிலும் இதே முறைதான். ஒருவர் காவலிருக்க மற்றவர் உறங்கினார். அவர்கள் கடந்த பசுபிக்கில் 'நீமோ முனை' என்றோர் இடம் உண்டு. அங்கிருந்து மிக அண்மையான நிலமே ஏறத்தாழ 2,688 கிலோமீற்றர் தூரம். விண்வெளி நிலையம் பூமிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீற்றரில் சுற்றுவதால், அது தலைக்கு மேலே வரும்போது விண்வெளி வீரர்களே அங்குள்ளவருக்கு மிக அண்மையான மனிதர்கள். கூப்பிட்டால் ஓடிவர எவருமில்லாத அந்த இடத்தில், விழித்திருந்த ஒருத்தியை நம்பியே மற்றவள் கண்ணை மூடினாள்.

அந்த நம்பிக்கை வெறும் துணிச்சலால் வந்ததல்ல. புறப்படுவதற்கு முன் மூன்று ஆண்டுகள் பயிற்சி பெற்றார்கள். ஏறத்தாழ 38,000 கடல் மைல் ஓடிப் பழகினார்கள். உலகைச் சுற்றும் தூரத்தை விடப் பழகிய தூரம் அதிகம்! அந்த வாப்பாவிடம் நான் சொன்ன பதில் இதுதான்: "கடலுக்குப் பயப்படுவது சரி. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து பிள்ளையைக் கரையில் நிறுத்துவதல்ல, படிப்பிப்பது."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவளுக்குக் காத்துட பேரே தெரியாது டீச்சர்" என்றார்.

எனக்கு அது சுட்டது. 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறையில் பலர் வள்ளத்தையும் வலையையும் மட்டுமல்ல, வாப்பாமாரின் கடலறிவையும் இழந்தோம். வாடை எப்போது எழும், சோழகம் எப்போது பெயரும், கண்டல் காட்டோரம் நீர் எப்போது வற்றும் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் அவர்களுடைய மனத்திலேயே இருந்தவை. பல்கலைக்கழகம் தரும் அறிவுடன் அதுவும் சேர்ந்தால்தான் படிப்பு முழுமையாகும்.

"அப்ப நீங்க சொல்லிக் குடுங்க. மற்றதைப் பல்கலைக்கழகம் சொல்லிக் குடுக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே விண்ணப்பம் பற்றிய விபரங்களை எழுதித் தரும்படி கேட்டார்.

மாணவிகளே, இரண்டு வேலைகள் தருகிறேன். முதலாவது, உலகப் படத்தில் தாரிணி சென்ற வழியைக் கோவாவிலிருந்து நான்கு துறைமுகங்கள் வழியாக வரைந்து, பூமத்தியரேகையை எங்கெங்கே கடக்கிறது என்று குறியுங்கள். இரண்டாவது, இன்றிரவே உங்கள் வாப்பாவிடமோ மூத்தவர்களிடமோ காற்றுகளின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். எந்த மாதம், எந்தத் திசை, அப்போது என்ன மீன் படும் என்பதையும் கேளுங்கள்.

பெற்றோரே, பிள்ளை கேட்க வரும்போது நித்திரை என்று சொல்லிவிடாதீர்கள்.