செஞ்சியில் சில காலம்: குளிர்தேசத்து அடியார்களுக்கு ஒரு சிந்தனை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மார்கழி பிறந்துவிட்டது. திவ்யதேசங்களில் விடியலுக்கு முன்பே திருப்பாவை கோஷம் எழுகிறது. அதே வேளையில் வடதிசைக் குளிர்தேசங்களில் வாழும் நம் அடியார்கள் பலர் வேறொரு மார்கழியைக் காண்கிறார்கள். இலண்டன் மாநகரில் இம்மாதக் கடைசியில் சூரியன் உதிக்கக் காலை 8 மணியாகிறது. மாலை 4 மணிக்கே அஸ்தமித்துவிடுகிறது. ஜன்னலோரத் தொட்டியில் இருக்கும் துளசி இலைகளை உதிர்த்துக் குச்சியாக நிற்கிறது. வாசலில் கோலமிட இடமில்லை. இருந்தாலும் பனி மூடிவிடும். பறிப்பதற்குப் பூவில்லை. ஸேவிக்க வேண்டுமானால் ஸந்நிதிக்குப் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். பனி கொட்டினால் அதுவும் இயலாது.

இந்நிலையில் உள்ளவர்களின் மனத்தில் ஒரு குறை நிற்பதை நாம் அறிவோம். "இங்கே நாம் செய்வதும் ஒரு திருவாராதனமா? ஊரில் இருந்தால் செவ்வையாகச் செய்திருப்போமே" என்பது அக்குறை. இது வணக்கத்தினால் தோன்றும் எண்ணமே. ஆயினும் நாளடைவில் இது தீங்காக முடியக்கூடும். செவ்வையாகச் செய்ய முடியவில்லை என்ற வருத்தம், செய்யாமலே இருப்பதற்குக் காரணமாகிவிடும். வீட்டிலுள்ள குழந்தைகளும், எம்பெருமான் வேறெங்கோ இருப்பவன், நம் வீட்டில் இருப்பது ஒரு நினைவுப்பொருள் மட்டுமே என்று எண்ணத் தொடங்குவார்கள். ஆகையால் இக்குறையைச் சற்று ஆராய்வோம். அதற்கு நாம் செல்ல வேண்டிய இடம் செஞ்சி.

செஞ்சி என்றவுடன் கோட்டையே நினைவுக்கு வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதில்களையும் காணப் பலரும் வருகிறார்கள். அக்கோட்டைக்கு அருகே சிங்கவரம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே குன்றின்மேல் படியேறிச் சென்றால், பாறையைக் குடைந்தெடுத்த பல்லவர் காலத்துக் கோயிலில் ஸ்ரீரங்கநாதன் கண்வளர்ந்தருளுகிறான். ராஜா தேசிங்கின் கதைப்பாடலைக் கேட்டவர்கள் இப்பெருமானை அறிவார்கள். ஸ்ரீவைஷ்ணவர்களாகிய நமக்கு இவ்விடத்தோடு அதற்கும் முந்தைய தொடர்பு ஒன்று இருக்கிறது. திருவரங்கத்தை விட்டு நீங்கியிருந்த அழகிய மணவாளன், திரும்பி எழுந்தருளுவதற்கு முன் தங்கியிருந்த இடம் இது.

அவ்வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1323-ஆம் ஆண்டு திருவரங்கம் டில்லிப் படையெடுப்புக்கு உள்ளானது. மூலவரைக் கற்சுவரெழுப்பி மறைத்துவிட்டு, உத்ஸவ மூர்த்தியை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசார்யரும் சில அடியார்களும் தென்திசை நோக்கிப் புறப்பட்டார்கள். முதிர்ந்த வயதினரான பிள்ளை லோகாசார்யர் மதுரைக்கு அருகிலுள்ள ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். எம்பெருமானின் பயணம் அதன்பின்னும் தொடர்ந்தது. திருமாலிருஞ்சோலை, மலைநாடு, திருநாராயணபுரம் எனப் பல இடங்களைக் கடந்து திருமலையை அடைந்தான். அங்கே அவன் எழுந்தருளியிருந்த மண்டபம் இன்றும் ரங்கநாயகர் மண்டபம் என்றே வழங்குகிறது. விஜயநகர இளவரசர் கம்பண உடையாரின் அதிகாரியாகச் செஞ்சியிலிருந்து ஆண்ட கோபணார்யர் அவனைத் திருமலையிலிருந்து சிங்கவரத்துக்கு எழுந்தருளப் பண்ணினார். பின்னர்ப் பகையை வென்று 1371-ஆம் ஆண்டு திருவரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்வித்தார். இடையில் கழிந்தவை ஏறத்தாழ 48 ஆண்டுகள்.

இந்நிகழ்ச்சியைக் கொண்டாடும் இரண்டு சுலோகங்கள் திருவரங்கத்தில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை வேதாந்த தேசிகன் அருளியவை என்பது மரபு. வெற்றியையும் மறுபிரதிஷ்டையையும் போற்ற எழுந்தவை அவை. ஆயினும் எம்பெருமானைச் செஞ்சியில் சில காலம் ஆராதித்த செய்தியையும் விடாமல் குறிப்பிடுகின்றன. நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இதுவே. சிங்கவரத்து நாட்கள் திருவரங்கத்துக்காகக் காத்திருந்த வெற்று நாட்களாக எண்ணப்படவில்லை. அங்கும் ஆராதனம் நடந்தது. அதுவும் ஆராதனமே என்று கல்லில் எழுதினார்கள். ஏழு திருமதில்களும் இல்லை, காவிரியும் இல்லை, ஆயிரம் பரிகரங்களும் இல்லை. குன்றும் குகையும் உடன்வந்த அடியார் சிலரும் இருந்தார்கள். அரங்கன் அதை ஏற்றுக்கொண்டான்.

குளிர்காலத்துக்காக எம்பெருமானே இடம்பெயர்வதும் உண்டு. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் தொடக்கத்தில் திருப்பிரிதியையும் வதரியையும் பாடினார். இமயத்து வதரியில் பனிக்காலம் தொடங்கியதும் நடை சாத்தப்படுகிறது. உத்தவர் முதலான மூர்த்திகள் கீழே பாண்டுகேஸ்வரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். திருப்பிரிதி என்று நம்மவர் ஸேவிக்கும் ஜோஷிமடத்து நரசிம்மர் ஸந்நிதியிலும் பூஜை தொடர்கிறது. கோடை பிறந்தபின் மீண்டும் வதரி திறக்கிறது. மலைப்பனி ஸந்நிதியை மூடலாம். ஆராதனத்தை அதனால் நிறுத்த முடியவில்லை.

அப்படியானால் எதைக் கொண்டு ஆராதிப்பது? இதற்குத் திருவாய்மொழி முதற்பத்தின் ஆறாந்திருவாய்மொழி விடை தருகிறது. எம்பெருமான் ஆராதனைக்கு எளியவன் என்பதே அப்பதிகத்தின் கருத்து. தூய நீர், ஏதேனும் ஒரு புகை, ஏதேனும் ஒரு பூ ஆகிய இவையே போதும் என்கிறார் ஆழ்வார். இவ்விடத்தில் ஈட்டு வ்யாக்யானம் ஒரு ஐதிஹ்யத்தைக் காட்டுகிறது. எந்தப் பூவாயினும் தகும், முட்செடியான கண்டகாலியின் பூவையும் இடலாம் என்று பராசர பட்டர் அருளிச்செய்தாராம். அப்பூ ஆகாது என்று சாஸ்த்ரம் விலக்கியிருக்கிறதே என்று நஞ்சீயர் விண்ணப்பம் செய்தார். அதற்குப் பட்டர், அவனுக்கு ஆகாது என்று விலக்கவில்லை, பறிக்கும் அடியானின் கையில் முள் தைக்குமே என்று விலக்கியது என்று ஸாதித்தாராம்.

நம் கை நோகக்கூடாது என்று பார்க்கிறவன், நம்மிடம் பூ இல்லையென்று கோபிப்பானோ? துளசி வாடிய வீட்டில், உலர்ந்த துளசி ஒரு தளம் போதும்; துளசிக்குப் பழமை தோஷமில்லை என்பர் பெரியோர். அதுவும் இல்லாவிடில் ஒரு வட்டில் தீர்த்தம் இருக்கிறது. ஆண்டாளும் திருப்பாவையின் ஐந்தாம் பாசுரத்தில் தூயவராய் வருதல், மலர் தூவுதல், வாயினால் பாடுதல், மனத்தினால் சிந்தித்தல் ஆகியவற்றைச் சொல்கிறாள். பனிக்காலம் கையிலுள்ள மலரைப் பறித்துக்கொள்ளலாம். வாயும் மனமும் நம்முடையவையாகவே இருக்கின்றன.

பனியைப் பற்றியும் ஆண்டாள் நமக்குச் சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டாம் பாசுரத்தில் ஆய்ச்சியர் ஒரு வீட்டு வாசலில் நின்று தோழியை எழுப்புகிறார்கள். அவர்கள் தலையின்மேல் பனி விழுகிறது. கன்றை நினைத்து எருமைகள் சொரிந்த பாலால் காலடி சேறாகிறது. வழுக்காமலிருக்க வாசற்கால் மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே பனியும் கீழே பாலும் நடுவே அன்புமாக மூன்று வெள்ளங்கள் பெருகுகின்றன என்று பூர்வாசார்யர்கள் இதை அநுபவிப்பர். அப்பெண்கள் பனி நீங்கட்டும், பிறகு வருவோம் என்று திரும்பவில்லை. கைக்கு எட்டியதைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். நமக்கும் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒன்று வேண்டும். அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அலுவலகத்துக்குப் புறப்படுமுன் கோயிலாழ்வாரின் கதவைத் திறந்து ஒரு விளக்கு. தளிகையானதும் கண்டருளப் பண்ணிவிட்டே உண்பது. குழந்தையோடு அன்றைய நாட்பாசுரம் ஒன்று. நாள் தவறாமல் செய்யும் இச்சிறு செயல்களே நாம் பிடித்துக்கொள்ளும் வாசற்கால்.

சிறு செயல் எவ்வளவு வலியது என்பதைச் செஞ்சியிலிருந்து திரும்பிய எம்பெருமானே காட்டினான். அழகிய மணவாளன் திருவரங்கத்துக்கு எழுந்தருளியபோது அங்கே வேறொரு மூர்த்தி ஆராதிக்கப்பட்டு வந்தது. முன்பு இருந்தவர் இவரோ அவரோ என்ற ஐயம் எழுந்தது. 48 ஆண்டுகளில் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. கண்டு சொல்ல ஆளில்லை. அப்போது, பெருமாளின் திருப்பரிவட்டங்களைத் துவைத்துவந்த ஈரங்கொல்லி ஒருவர் மிக முதியவராய், கண்பார்வையும் இழந்தவராய் இருந்தார் என்று நம் மரபு கூறும். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து ஈரவாடைத் தீர்த்தத்தைத் தம்மிடம் தரும்படி அவர் கேட்டார். தந்ததைச் சுவைத்துப் பார்த்து, கஸ்தூரி மணத்தைக் கொண்டு இவரே நம் பெருமாள் என்று காட்டினார். அன்றுமுதல் அரங்கனுக்கு நம்பெருமாள் என்ற திருநாமம் நிலைத்தது.

கற்றவர்கள் திகைத்த இடத்தில் அவருக்கு எப்படித் தெரிந்தது? நாள்தோறும் செய்த கைங்கர்யத்தால் தெரிந்தது. ஈரத்துணியைப் பிழிவது திருவாராதனத்தில் யார் கண்ணிலும் படாத வேலை. அதை அவர் அன்போடு செய்தார். அவ்வன்பு கண் போனபின்னும், 48 ஆண்டுகள் கழிந்தபின்னும் அவரிடம் மிஞ்சியிருந்தது. விசுவாசம் என்பது இதுவே. பெரிய அநுபவங்கள் வந்து போகும். தினமும் கை செய்த வேலை மறப்பதில்லை. இன்று நம் வீட்டுக் குழந்தை வட்டிலைத் துலக்கி வைக்குமானால், நாளை அது எந்தத் தேசத்தில் இருந்தாலும் தன் பெருமாளை அடையாளம் காணும்.

இனி நன்றியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஸம்ப்ரதாயத்தில் இதற்கு உபகார ஸ்ம்ருதி என்று பெயர். செய்த உதவியை மறவாமல் நினைத்திருத்தல் என்பது பொருள். ஆசார்யன் செய்த உபகாரத்தை எப்போதும் நினைத்திருக்க வேண்டும் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் வலியுறுத்தியவர் பிள்ளை லோகாசார்யர். அவரே நம் பெருமாளைக் காக்கும் வழியில் தம் திருமேனியை விட்டவர். இன்று நாம் அரங்கனை ஸேவிப்பது அவர் செய்த உபகாரம். ஈரங்கொல்லியின் உபகாரமும் அதிலுண்டு. சிங்கவரத்தில் விளக்கேற்றிய, பெயர் தெரியாத ஒருவரின் உபகாரமும் உண்டு.

இப்படி நினைக்கப் பழகிய மனம், குளிர்காலத்திலும் நன்றிக்கு உரியவர்களைக் கண்டுகொள்ளும். விடியுமுன் தெருவின் பனியை அகற்றிச் செல்லும் தொழிலாளி, குழாயில் வரும் வெந்நீர், உறைபனியிலும் பால் கொண்டுவந்த வண்டி, ஊரிலிருந்து துளசியை உலர்த்தி அனுப்பிய தாயார், இவர்கள் யாவருடைய உதவியும் நம் திருவாராதனத்துக்குள் வந்து சேர்கிறது. நமக்கு என்ன இல்லை என்று கணக்கிட்டால் கணக்கு முடிவதில்லை. யார் தந்தது என்று கணக்கிட்டாலும் முடிவதில்லைதான். ஆனால் அது மனத்தைக் கனிவிக்கும்.

இந்த உபகாரங்களுக்கெல்லாம் கைம்மாறு என்ன? நம்மாழ்வார் இதே வினாவை எழுப்பினார். தம்மோடு கலந்த எம்பெருமானின் பேருதவிக்கு ஈடாகத் தம் ஆவியையே கொடுத்தார். கொடுத்தபின் எண்ணிப்பார்த்தால், அந்த ஆவியும் முன்பே அவனுடையதுதான். கொடுக்கத் தாம் யார் என்று திகைத்து நிற்கிறார். இரண்டாம் பத்தில் சொன்ன இக்கருத்தை ஏழாம் பத்திலும் மீண்டும் சொல்கிறார். ஆழ்வாருக்கே கைம்மாறு இல்லையென்றால், நமது திருவாராதனம் போதுமா போதாதா என்று அளப்பதில் என்ன பொருள்? திருவரங்கத்தில் இருந்து செய்தாலும் அது அவன் உதவிக்கு ஈடாகாது. பனி சூழ்ந்த அறையில் செய்தாலும் அவன் அதைத் தள்ளுவதில்லை.

ஆண்டாள் இருபத்தெட்டாம் பாசுரத்தில் இதை ஆய்ச்சியர் வாயிலாக முடித்து வைக்கிறாள். நாங்கள் பசுக்களின் பின் போய் உண்பவர்கள், அறிவொன்றும் இல்லாதவர்கள். நீ எங்கள் குலத்தில் வந்து பிறந்தாய், அதுவே எங்கள் புண்ணியம் என்கிறார்கள். குறை முழுதும் தங்கள்பால் இருப்பதை ஒளிக்கவில்லை. குறையே இல்லாதவன் எதிரே நிற்கும்போது, தங்கள் குறையைப் பற்றி அஞ்சவும் இல்லை. அவனோடு தங்களுக்குள்ள உறவை அவனாலும் தங்களாலும் அறுக்க முடியாது என்பதே அவர்கள் துணிவு.

அந்த உறவு செஞ்சிக் குன்றிலும் அறுபடவில்லை. வதரிப் பனியிலும் அறுபடவில்லை. நாளைக் காலை வெளியே இருட்டாகத்தான் இருக்கும். ஒரு விளக்கை ஏற்றி, ஒரு வட்டில் தீர்த்தம் சேர்த்து, முப்பது பாசுரங்களையும் அநுஸந்திப்போம். முப்பதும் இயலாதவர் அன்றைய பாசுரம் ஒன்றையாவது அநுஸந்திப்போம். அரங்கன் செஞ்சியில் இருந்ததுபோலச் சில காலம் நம் இல்லத்திலும் எழுந்தருளியிருக்கிறான் என்று எண்ணி அவனை ஆராதிப்போம்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.