புது பேட்டரி வாங்குமுன்

அன்புள்ள மருமகனுக்கு,

அம்பாசிடர் காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது, புது பேட்டரி போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். போன வருஷம் போட்டதுதானே இப்போது இருப்பது? காரணம் தெரியாமல் இன்னொன்று போட்டால் அதுவும் சில மாதத்தில் இதே கதிக்கு வரும். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கு. முதலில் அளந்து பார்.

முகூர்த்தக் காலம் வந்தால் ஆரணியிலிருந்து சேலை மூட்டைகளோடு செய்யாறு வழியாகக் காஞ்சிபுரத்துக்கு ராத்திரியில் போய்வருகிறாய். உன்னுடையது பழைய டீசல் எஞ்சின். பெட்ரோல் வண்டிபோல அதற்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் எரிந்துவிடும். அதனால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் செத்தே போயிருந்தாலும் வண்டி வீடு வந்து சேரும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். நான்கு மணி நேரம் ஓட்டினால் 40 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்தே கரைந்திருக்கும். மறுநாள் ஹீட்டர் பிளக்குக்கும் செல்ஃபுக்கும் என்ன மிஞ்சும்? பழி மட்டும் பேட்டரி மேல் விழுகிறது.

பேட்டரியை வெளியே கொடுத்து நன்றாக சார்ஜ் ஏற்றிக்கொண்டு வா. காலியான பேட்டரியோடு அளந்தால் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. எஞ்சின் ஓடாமல் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. பிறகு ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து அளந்து பார். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. நின்றிருந்தபோது காட்டிய எண்ணிலேயே நின்றாலோ, இன்னும் இறங்கினாலோ ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. தண்ணீர் கொதித்து வற்றி, சித்திரை வெயிலில் தட்டுகள் சீக்கிரம் வீணாகும்.

ஏறவில்லை என்றால் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்து. அரை அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் இறுக்கு. அடுத்து, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிகிறதா பார். அந்த விளக்கைப் பெரும்பாலோர் மதிப்பதில்லை. அது வெறும் எச்சரிக்கை அல்ல. அந்த பல்பு வழியாகப் போகும் சின்ன மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரின் உள்சுருளைக் காந்தமாக்கித் தொடங்கி வைக்கிறது. பல்பு ஃப்யூஸ் ஆனால் நல்ல ஆல்டர்னேட்டரும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பல்பை மாற்று, சில ரூபாய்தான்.

விளக்கு சரியாக இருந்தால் ஒயர்களுக்கு வா. எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பாசிட்டிவிலும் வை. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உற்பத்தியாவது வழியிலேயே வீணாகிறது. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2-க்கு மேல் போகக் கூடாது. எஞ்சின் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதை இணைப்பது ஓர் எர்த் பட்டை. அது துருப்பிடித்தால் எல்லாம் கெடும். பாவில் ஓர் இழை அறுந்தால் உன் பெரியப்பா தறியையா மாற்றுகிறார்? அந்த இழையைத் தேடித்தானே முடிகிறார். டெர்மினல்களில் பூத்த பச்சையையும் வெள்ளைப் பொடியையும் சுரண்டி, உப்புக்காகிதத்தால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவு.

ஒன்று மட்டும் செய்யாதே. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்கிறதா பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. டைனமோவும் கட்-அவுட் பெட்டியும் இருந்த காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் திடீரென்று எகிறி டயோடுகளைக் கொன்றுவிடும். உன் டீசல் எப்படியும் நிற்காது, அதனால் இந்தச் சோதனை உனக்கு எதையும் சொல்லவும் போவதில்லை.

சார்ஜ் சரியாக ஏறியும் விடிவதற்குள் இறங்கினால் கசிவு இருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, எல்லா ஸ்விட்சையும் அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து இடையில் சேர். அப்போது செல்ஃபைத் தொடாதே, மீட்டர் எரிந்துவிடும். இந்த வண்டியில் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் மீட்டரை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைப் பிரித்து, மீட்டரை மறுபடி சேர்த்து அளந்து பார். எண் விழுந்தால் உள்ளே ஒரு டயோடு கசிகிறது.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு தட்டு எல்லாம் தனித்தனியே மாற்றக்கூடியவைதான். முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேள். பேட்டரி அருகே பீடி, நெருப்பு எதுவும் வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும்.

நின்றபோது, ஓடும்போது, ஹெட்லைட்டோடு இரு ஒயர்களில், கசிவில் என்று கிடைத்த எண்களை வரிசையாக எழுதி அனுப்பு. ஆல்டர்னேட்டரைக் கழற்றலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

உன் தாய்மாமன்