பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு வெளிநாடு

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் வெளிநாடு போக ஆசைப்படுகிறோம். கையில் அதிகப் பணமில்லை. தாய்லாந்து சரிவருமா?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: விமானக் கட்டணமே பாதிப் பணத்தை விழுங்கிவிடும். நேபாளம் போங்களேன். இந்தியர்களுக்கு விசா கிடையாது. வாக்காளர் அட்டை இருந்தால் பாஸ்போர்ட்டும் வேண்டாம். ஆதாரை நம்பிக் கிளம்பாதீர்கள், உங்கள் வயதுக்கு அது செல்லாது. சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில். ஸ்லீப்பரில் முதுகு நோகும்தான், இந்த வயதில் தாங்கும். அங்கிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி சுனௌலி எல்லை. நடந்தே தாண்டி, பொக்காராவுக்குப் பஸ் ஏறலாம்.

நம் 100 ரூபாய் அங்கே 160. உடனே பணக்காரராகிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள், விலையும் அவர்கள் ரூபாயில்தான். ஆனால் தால் பாத் சாப்பிட்டால் சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். ஹாஸ்டல் பசிக்கு ஏற்ற தேசம். ஜூலை, ஆகஸ்டில் மட்டும் வேண்டாம்: மழையில் மலைச்சாலை சரியும், மேகம் அன்னபூர்ணாவை மறைத்துவிடும். அக்டோபர், நவம்பர் உத்தமம்.

பொதுச் செலவுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே போட்டு, கணக்கில் கறாரான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஊர் திரும்பும்வரை அவரோடு யாரும் சண்டை போடக் கூடாது.