பொறியாளர் பிறநாட்டு வாணிகக் கல்லூரி தேர்தல்

கல்வி தேடிப் பிற நாட்டார் காஞ்சிக்கு வந்த காலம் ஒன்று உண்டு. கி.பி. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் இளைஞன் தன் ஆசிரியராகிய வீரசர்மனுடன் காஞ்சிக் கடிகையில் மறை பயில வந்தான் என்று கன்னட நாட்டுத் தாளகுந்தாக் கல்வெட்டுக் கூறுகின்றது. வந்த இடத்தில் பல்லவர் குதிரை வீரன் ஒருவனோடு பூசல் விளைய, அவன் ஏட்டை வைத்துவிட்டு வாளை எடுத்துக் கதம்பர் அரசை நிறுவினான். கற்கச் சென்றவன் வேறொருவனாகி மீள்வது அக்காலத்தும் உண்டு போலும்! ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நாளந்தாவில் ஆசிரியராய் விளங்கிய தர்மபாலர் காஞ்சியிற் பிறந்தவர் என எழுதிவைத்தார். இன்றோ காஞ்சி இளைஞர் கல்வி தேடிக் கடல் கடக்கின்றனர். அவருள்ளும் பொறியியல் கற்றவர் பலர் வாணிக நிருவாகம் பயிலவே செல்ல விரும்புகின்றனர். அவ்விருப்பம் உடையார் எதை ஆராய்தல் வேண்டும், எவ்வாறு விண்ணப்பித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு வாணிகக் கல்லூரியோடு என்ன உறவு என்று நண்பர் வினவக்கூடும். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் உள்ளது. என் தந்தையார் பள்ளி ஆசிரியர். எதிர் வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள் ஓடுகின்றன. அவ்வீட்டு மூத்த மகனாரை நான் நினைவு தெரிந்த நாள் முதல் அண்ணன் என்றே அழைத்து வருகின்றேன். அவர் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரி ஒன்றில் இயந்திரப் பொறியியல் கற்று, ஒரகடத்தில் மோட்டார் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளாகப் பணி செய்கின்றார். சென்ற சித்திரையில் ஒரு மாலை அவர் வந்து, "தம்பி, வெளிநாட்டுக் கல்லூரிக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும், நீ உடன் இருக்கிறாயா?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் எழுதும் கட்டுரைக்குத் தமிழ் மாணவன் எதற்கு என்று அன்று வியந்தேன். பின்னர் விளங்கிற்று. அவருடைய பெயரைக் குறியாமல் இவற்றை எழுத அவர் இசைவு தந்துள்ளார்.

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றையும் முறையாக வைத்தார். அவை அரசனுக்குக் கூறியவை. ஆயினும் அவ்வரிசை எங்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. ஏனெனில் இளைஞர் பலர் இடத்தை முதலில் ஆராய்கின்றனர். எந்தக் கல்லூரி எத்தனையாம் இடத்தில் நிற்கிறது என்னும் பட்டியலைப் பார்த்து மேலிருந்து ஐந்தைக் குறித்துக்கொள்கின்றனர். தம் வலியை ஆராய்வது கடைசியில்தான்; அதற்குள் கட்டணம் கட்டியாயிற்று.

வாணிகக் கல்லூரியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்வேன். 1881-இல் ஜோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபர் தந்த பொருளால் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் கல்லூரி தோன்றிற்று. 1908-இல் ஹார்வர்டு வாணிகக் கல்லூரி எம்.பி.ஏ. என்னும் பட்டத்தைத் தொடங்கிற்று. பிரான்சில் இன்சியாட் 1957-இல் எழுந்தது. நம் நாட்டில் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961-இல் நிறுவப்பெற்றன.

இவ்வழியிற் சென்ற தமிழருள் சுந்தர் பிச்சையை அறியாதார் இலர். 1972-இல் மதுரையிற் பிறந்த அவர், கரக்பூரில் உலோகப் பொறியியல் கற்று, ஸ்டான்போர்டில் முதுகலைப் பட்டம் பெற்று, பணியாற்றிய பின்னரே வார்ட்டனில் சேர்ந்து 2002-இல் எம்.பி.ஏ. பெற்றார். தாம் அமெரிக்கா செல்ல வாங்கிய விமானச் சீட்டுக்குத் தம் தந்தையார் ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளத்தைச் செலவிட்டதாக அவரே 2020-இல் மாணவரிடம் கூறியிருக்கின்றார். அவர் தலைமைப் பதவி பெற்றதை எல்லாரும் சொல்வர்; அந்தச் சீட்டின் விலையைச் சொல்வார் சிலரே.

பொறியாளர் அல்லரேனும் இந்திரா நூயியின் செய்தியும் இங்கே தக்கது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1974-இல் பட்டம் பெற்றுக் கல்கத்தா மேலாண்மைக் கழகத்திற் பயின்ற அவர், 1978-இல் யேல் பல்கலைக்கழகம் சென்றார். செலவுக்காக மாணவர் விடுதியில் நள்ளிரவுக்குப் பின் வரவேற்பாளராகப் பணி செய்தார். வேலைக்கான நேர்முகத்துக்குப் பொருந்தாத மேனாட்டு உடை வாங்கி அணிந்து சென்று நாணியதையும், மறுமுறை ஒருவர் தந்த அறிவுரைப்படி சேலை உடுத்திச் சென்று வேலை பெற்றதையும் அவர் பலமுறை கூறியிருக்கின்றார். சேலை நெய்யும் தெருவில் இதைச் சொன்னபோது எதிர் வீட்டு அம்மாளுக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

இனி வலியறிதல். பொறியாளர் ஒருவர் தம்மை முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டுவது, தாம் விரும்புவது இயந்திரத்தின் நுட்பத்தையா, மனிதரையும் பணத்தையும் நடத்தும் வகையையா என்பதே. முன்னது எனின் பொறியியலில் முதுகலை பயில்வதே நேர்வழி. தலைசிறந்த கல்லூரிகளிற் சேர்பவர் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகள் பணி செய்தவர். இறுதியாண்டு மாணவர்க்கும் ஒரு வாயில் உண்டு: ஹார்வர்டு போன்ற சில கல்லூரிகள் இப்போதே இடம் உறுதி செய்து, சில ஆண்டுகள் பணி செய்த பின் வருமாறு பணிக்கின்றன. பணியறிவு இன்றி உடனே பயில விரும்புவோர்க்கு ஐரோப்பாவில் மேலாண்மை முதுகலை வகுப்புகள் உள.

மற்றொன்றும் உண்மை. இந்தியப் பொறியாளர் விண்ணப்பங்கள் இக்கல்லூரிகளுக்கு மிகுதியாகச் செல்கின்றன. கணக்கில் வல்லவர், மென்பொருள் அறிந்தவர், உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் என்னும் சிறப்புகள் அக்குவியலில் சிறப்பாகா. எல்லாரிடமும் உள்ளது ஒருவரை வேறுபடுத்திக் காட்டாது.

காலத்தைப் பற்றி நீட்ட வேண்டுவதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் தவணை செப்டம்பரிலும் இரண்டாம் தவணை சனவரியிலும் முடிகின்றன. வசந்த காலத்து மூன்றாம் தவணையில் இடமும் உதவிப் பணமும் அருகிவிடும். ஜிமாட் தேர்வு இப்போது இரண்டே கால் மணி நேரம், மூன்று பகுதிகள், 205 முதல் 805 வரை மதிப்பெண், ஐந்தாண்டு செல்லும். பல கல்லூரிகள் ஜி.ஆர்.இ. தேர்வையும் ஏற்கின்றன. அண்ணன் இரவுப் பணி இல்லாத நாள்களில் அதிகாலை எழுந்து மூன்று மாதம் பயின்றார்.

தேர்வுக்குப் பெயர் பதியும்போதுதான் ஒரு தொல்லை முளைத்தது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன் நிற்கும். பட்டச் சான்றிதழில் முதலெழுத்து. கடவுச்சீட்டிலோ அது விரிந்து தந்தை பெயர் முழுதும். தேர்வு நிலையத்தார் கடவுச்சீட்டில் உள்ளவாறே பெயர் இருத்தல் வேண்டும் என்பர். ஆதலின் இதைப் படிக்கும் இளையோர் கடவுச்சீட்டை முன்னரே எடுத்து, எல்லாப் படிவங்களிலும் அப்பெயரையே எழுத்து மாறாமல் எழுதுக. பத்துப் புள்ளி முறையில் பெற்ற மதிப்பைத் தாமே நான்கு புள்ளியாக மாற்றுதலும் கூடாது. சான்றிதழில் உள்ளபடியே தருக.

இடம் தேர்வது கடினம். அமெரிக்காவில் படிப்பு பெரும்பாலும் ஈராண்டு. புகழ் பெற்ற கல்லூரிகளில் கட்டணமும் உணவு உறையுள் செலவும் சேர்ந்து இரண்டு லட்சம் டாலரைக் கடக்கும். இன்சியாட்டில் பத்தே மாதம். பிரான்சிலும் சிங்கப்பூரிலும் மாறிப் பயிலலாம். கட்டணம் மட்டும் ஒரு லட்சம் யூரோவை எட்டுகிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் அதனினும் செலவு குறைந்தது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள நாடு என்பது எனக்கு ஒரு மகிழ்ச்சி, அண்ணனுக்கு அது ஒரு பொருட்டன்று. செர்மனியில் கல்வி இலவசம் என்று கேள்வியுற்று மகிழ்பவர் பலர். ஆனால் அங்கும் எம்.பி.ஏ. வகுப்புகட்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு.

படித்தபின் அந்நாட்டில் தங்கிப் பணி செய்யும் உரிமையையும் நோக்க வேண்டும். அமெரிக்காவில் ஓராண்டு பணி செய்யலாம். அறிவியல் தொழில்நுட்ப வகையில் சேர்க்கப்பட்ட வகுப்பாயின் மேலும் இரண்டாண்டு நீட்டிப்பர். அதன்பின் வேண்டப்படும் எச்-1பி அனுமதியின் புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்து 2025 செப்டம்பரில் ஆணை பிறந்தது. அங்கேயே மாணவராய் இருந்து மாறுவோர்க்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கினர். விளக்கம் வருவதற்குள் எதிர் வீட்டில் நான்கு வாரம் உறக்கம் இல்லை.

நிற்க. பணத்தைப் பற்றிய ஆராய்ச்சியே எங்களுக்கு நீண்டதாயிற்று. அண்ணன் முதலில் ஐந்து கல்லூரிகளைக் குறித்திருந்தார்; ஐந்தும் பட்டியலின் தலையில் உள்ளவை. வங்கியில் பெருங்கடனுக்கு ஈடு கேட்பர். வீட்டுப் பத்திரம் ஒன்றே ஈடு. அவர் தந்தையார் அன்று கூடத்தில் தறிக்குழியில் இருந்தவாறே அனைத்தையும் கேட்டார். பிறகு சொன்னார்: "சங்கத்தில் பட்டும் சரிகையும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். நெய்து கொண்டுபோன சேலையையும் நிறுத்துத்தான் வாங்குகிறார்கள். நீ எவ்வளவு கொண்டுபோகிறாய், எவ்வளவு கொண்டு வருவாய் என்று எனக்கு நிறுத்துச் சொல். பத்திரத்தைப் பிறகு பார்க்கலாம்."

மறுநாள் முதல் நாங்கள் இருவரும் கணக்கு எழுதினோம். கட்டணத்தை மட்டும் எழுதினால் போதாது என்று விரைவில் அறிந்தோம். பணியை விடுவதால் இழக்கும் சம்பளம் ஒன்று. கடனுக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் பெரும்பாலும் தவணை கேட்பதில்லை, ஆயினும் வட்டி அந்நாளெல்லாம் வளர்ந்துகொண்டேயிருக்கும், அது ஒன்று. இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை அன்றைய நாணய மாற்று விலையிற் கட்டவேண்டும், ரூபாய் விழுந்தால் கடன் ஏறும், அது மற்றொன்று. வரவுப் பக்கத்தில் கல்லூரிகள் வெளியிடும் சராசரிச் சம்பளத்தை அவர் முதலில் எழுதினார். எல்லாரும் சராசரி பெறுவதில்லையே என்று நான் கேட்டேன். தமிழ் மாணவனும் சிலசமயம் கணக்குக்கு உதவுவான்.

முடிவில் அவர் தமக்கு ஓர் எல்லை வகுத்தார். வெளிநாட்டில் வேலை கிடைக்காமல் ஊர் திரும்ப நேர்ந்தாலும் சென்னையிற் பெறும் சம்பளத்தைக்கொண்டு அடைக்கக்கூடிய கடனே கடன். அதற்கு மேற்பட்டது தம் தந்தையாரின் தறிக்கூரையைப் பந்தயம் வைப்பதாகும் என்பது அவர் கருத்து. இதில் அவரோடு மாறுபட்ட நண்பர்கள் உண்டு; துணியாதவன் உயரான் என்றனர். நான் அண்ணன் பக்கமே. அவ்வெல்லையால் மூன்று பெயர்கள் நீங்கின. பொருள் தேவையை ஆராய்ந்து உதவிப் பணம் தரும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றும் இன்சியாட்டும் எஞ்சின. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் புதிதாகச் சேர்ந்தது. 1892-இல் தொடங்கிய ஜே.என். டாட்டா அறநிதியின் கடன் உதவிக்கும் விண்ணப்பிக்கத் தீர்மானித்தார். இங்கிலாந்து செல்வோர்க்குச் செவனிங் உதவித்தொகை உண்டு. பெற்றவர் படிப்பு முடிந்தபின் ஈராண்டு தாய்நாட்டில் இருத்தல் வேண்டும்.

இனி, கட்டுரை. முதற்படியை அவர் காட்டியபோது அதில் தலைமைப் பண்பு, புதுமை நோக்கு, உலகளாவிய பார்வை என்னும் சொற்களே நிறைந்திருந்தன. யாருடைய பெயரை மேலே எழுதினாலும் பொருந்தும் கட்டுரை அது. எழுதித் தரும் நிலையங்களும் இக்காலத்துக் கணினி அறிவும் அத்தகைய கட்டுரையை நொடியில் நெய்து தரும். நான் அதை மூடிவைத்து, "தொழிற்சாலையில் நீங்கள் செய்ததைத் தமிழில் சொல்லுங்கள், அண்ணா" என்றேன். அவர் சொல்லத் தொடங்கியது தொழிற்சாலையை அன்று, கோர்வையை.

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இணைப்பது கோர்வை. மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் தறியில் இருக்க, பக்கத்தில் ஒரு சிறுவன் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளுவான். அண்ணன் பத்து வயதில், பள்ளி விட்டபின் அச்சிறுவன். அவன் நாடா ஒரு முறை பிந்தினாலும் கரை உடலோடு கோவாது. தொழிற்சாலையில் பகல் முறையாரும் இரவு முறையாரும் ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் அறியாமையால் உறுப்புகள் கெடுவதை அவர் கண்டார். இரு முறையாரும் கால் மணி நேரம் ஒன்றாக நின்று பொறியின் அளவுகளை ஒப்புவிக்கும் வழக்கத்தைப் போராடி ஏற்படுத்தினார். கழிவு குறைந்தது. இதுவே கட்டுரையாயிற்று. பொறி இயக்குவதைவிட இருவரை ஒத்திசையச் செய்வதே தமக்கு விருப்பம் என்பதும், பிற்காலத்தில் நெசவாளர் சேலைக்குத் தாமே விலை வகுக்கும் வாணிகத்தை ஊரில் அமைக்க எண்ணுவதும் அதில் இயல்பாக வந்தன.

கட்டுரையின் பொருளை நான் அவர் தந்தையார்க்குத் தமிழிற் சொன்னேன். ஓரிடத்தில் "ஏழை நெசவாளியின் மகன்" என்று இருந்தது. "நான் ஏழை என்று யார் சொன்னது?" என்றார். அண்ணன் அச்சொல்லை அடித்துவிட்டார். கட்டுரை அதனால் வலுப்பெற்றது என்றே நினைக்கின்றேன்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டும். மேலதிகாரியிடம் கேட்டபோது, "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்திடுகிறேன்" என்றார். நம் நாட்டில் இதனைக் குற்றமாக எவரும் கருதுவதில்லை. ஆயினும் கல்லூரிகள் இதனை வெளிப்படையாகத் தடுக்கின்றன. பிறர் சொல்வதாகத் தன்னைத் தானே புகழ்தல் எனக்கும் உவப்பன்று. அண்ணன் பணிவாக மறுத்து, நிகழ்ந்தவற்றைக் குறிப்பாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்று வாரம் ஒன்றும் நடவாதது கண்டு அவர் வீட்டார் என்னையே கடிந்தனர். இறுதி நாளுக்கு முந்திய இரவு கடிதம் சென்றது.

அமெரிக்கக் கல்லூரி வருத்தம் தெரிவித்து எழுதிவிட்டது. இன்சியாட் இன்னும் எழுதவில்லை. சிங்கப்பூரிலிருந்து காணொளி நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. பிற்பகல் என்பதால் அரை மணி நேரம் இரு தறிகளையும் நிறுத்தி வைத்தனர். ஒரு சேலைக்கு இப்போது விலை வகுப்பவர் யார் என்று அவர்கள் கேட்டார்களாம். அவர் பத்து நிமிடம் விடை கூறினாராம். இவ்விதழ் அச்சுக்குச் செல்லும் நாள் வரை முடிவு வரவில்லை. பத்திரம் பெட்டியிலேயே இருக்கின்றது.